தோளில் வலி: கோளாறு கழுத்து நரம்பிலா, தோள் மூட்டிலா? படிப்படியான முழு வழிகாட்டி

தோளில் தொடங்கிக் கைக்கு இறங்கும் வலி வந்தால் நம் ஊரில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. ஒருவர் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவுவார். ஒருவர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று காலர் மாட்டச் சொல்வார். இன்னொருவர் நரம்பு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்பார். கழுத்தைத் திருப்பிப் பார்த்து, கையைத் தூக்கிப் பார்த்து, வலி எங்கிருந்து கிளம்புகிறது என்று சோதிப்பவர்கள்தான் குறைவு. அந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், அதிக நேரமும் வேண்டாம். பெரும்பகுதியை வீட்டிலேயே, உதவிக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு செய்துவிடலாம்.

இதைப் பிரித்தறிவது ஏன் முக்கியம் என்றால், இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. இறுகிப்போன தோள் மூட்டுக்காரருக்குக் கழுத்தில் இழுவை சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தால் மாதங்கள் வீணாகும், மூட்டும் இன்னும் இறுகும். கழுத்தில் நரம்பு நசுங்கி வலி உச்சத்தில் இருப்பவரிடம் கையை வலிந்து நீட்டிப் பயிற்சி செய்யச் சொன்னால் நரம்பு மேலும் சீறும். தவறான பெயர் ஒட்டப்பட்ட வலி சும்மா காத்திருப்பதில்லை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே நான் பேசப்போவது, 40 வயதுக்கு மேல் அதிகம் தென்படும் மூன்று நிலைகளைப் பற்றித்தான். ஒன்று, கழுத்தில் நரம்பு வேர் அழுத்தப்படுவது. இரண்டு, தோளைத் தாங்கும் தசைநாண்களில், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நார்களில், அழற்சி அல்லது கிழிசல். மூன்று, ஃப்ரோஸன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்கம். மற்றவை வழியில் தட்டுப்படும்போது சொல்லிவிடுகிறேன்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது

கழுத்தில் எலும்புகள் 7, அங்கிருந்து வெளியேறும் நரம்பு வேர்கள் 8 ஜோடி. அவற்றில் 5 முதல் 8 வரையிலானவையும், அதற்கு அடுத்து மார்புப் பகுதியில் வரும் முதல் வேரும் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து கை முழுவதற்கும் போகின்றன. மருத்துவர்கள் இவற்றை சி5, சி6, சி7, சி8, டி1 என்று எழுதுவார்கள். தோள் மூட்டுக்கு உணர்வு கொடுப்பவையும் பெரும்பாலும் சி5, சி6 வேர்களிலிருந்து வரும் நரம்புகள்தான். ஆகவே மூட்டில் அடிபட்டாலும் சரி, கழுத்தில் அந்த வேர் நசுங்கினாலும் சரி, மூளைக்கு வந்து சேரும் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான்: மேல்கையின் வெளிப்புறம் வலிக்கிறது.

அதனால் வலிக்கிற இடத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. எந்த அசைவு வலியைக் கிளப்புகிறது, எது குறைக்கிறது, வலியோடு வேறு என்ன வருகிறது என்பவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 1: ஆபத்தானவை இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள்

நடக்கும்போதோ படியேறும்போதோ கையிலோ தாடையிலோ வலி வந்து, நின்றால் குறைகிறது என்றால் தோளைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போய் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வாக இருக்கும்போதே அப்படி வலித்தாலோ, வந்த வலி அடங்காவிட்டாலோ, கூடவே நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல் இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி பெரிதாக இல்லாமலே மாரடைப்பு வரலாம். கழுத்தை எப்படித் திருப்பினாலும் கையை எப்படி அசைத்தாலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்கிற கைவலி, முதலில் இதயத்தைத்தான் நினைவுபடுத்த வேண்டும்.

அடுத்தது தண்டுவடம். இரண்டு கைகளுமே மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போடவோ சாவியைத் துவாரத்தில் நுழைக்கவோ தடுமாறுகிறது, நடக்கும்போது கால் பின்னுகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால், கழுத்தில் நசுங்குவது வேர் மட்டும் அல்ல, தண்டுவடமே அழுத்தப்படுகிறது. இதில் வலி குறைவாகவே இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. அதனாலேயே தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடக் கூடாத நோய் இது.

காய்ச்சலோடு தோள் மூட்டு சூடாகி வீங்கி, கொஞ்சம்கூட அசைக்க விடாவிட்டால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுந்த பின் தோளின் வடிவம் மாறியிருந்தாலும் அப்படித்தான். பைக் விபத்துக்குப் பின் கை துவண்டு தொங்கினால் கழுத்துக்கும் அக்குளுக்கும் நடுவில் உள்ள நரம்புப் பின்னல் அறுந்திருக்கக்கூடும். அதைச் சரிசெய்யும் அறுவைக்கு முதல் 3 முதல் 6 மாதங்கள்தான் நல்ல காலம். எலும்பு கூடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

புகைபிடிப்பவர் ஒருவருக்குத் தோளிலிருந்து கையின் உள்பக்கமாகச் சுண்டுவிரல்வரை ஓயாத வலி, அந்தப் பக்கத்துக் கண்ணிமை லேசாகச் சரிந்திருக்கிறது, எடை குறைகிறது என்றால் நுரையீரலின் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் வலது தோள் நுனியில் வரும் வலி பித்தப்பையினுடையதாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் நிதானமாக அடுத்த படிக்கு வரலாம்.

படி 2: வலியைக் கையின் மேலேயே வரையுங்கள்

ஒரு பேனாவை எடுத்து வலிக்கிற இடத்தைத் தோலிலேயே கோடு போட்டுப் பாருங்கள். இதில் கவனிக்க வேண்டிய எல்லைக்கோடு முழங்கை.

தோள் மூட்டின் வலி பெரும்பாலும் மேல்கையின் வெளிப்புறத்தில், தடுப்பூசி போட்ட தழும்பு இருக்கும் பகுதியில் உட்கார்ந்திருக்கும். முழங்கையைத் தாண்டி விரல்வரை போவது அரிது. இடத்தைக் காட்டச் சொன்னால் இவர்கள் உள்ளங்கையால் தோளை மூடிப் பிடித்துக் காட்டுவார்கள். ஒரே விரலால் தோளின் உச்சியைத் தொட்டு "இங்கேதான்" என்று சொன்னால் காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேரும் சின்ன மூட்டைச் சந்தேகிக்கலாம். அந்தக் கையை மார்புக்குக் குறுக்கே எதிர்த் தோளை நோக்கி இழுத்தால் அதே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் சந்தேகம் உறுதியாகும்.

நரம்பு வேரின் வலி கோடாக இறங்கும். கழுத்தோரம், தோள், மேல்கை, முன்கை, ஏதோ ஒன்றிரண்டு விரல்கள் என்று ஒரு பாதை இருக்கும். பலருக்கு இது கையில் தொடங்குவதே இல்லை. முதுகில், தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் ஆழமாக ஒரு குடைச்சல் வரும். வாயுப்பிடிப்பு என்று சில நாள் தைலம் தேய்ப்பார்கள், அதன் பிறகுதான் வலி கைக்கு இறங்கும். வலி வந்த வரிசையை மருத்துவரிடம் சொன்னால் அவருக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

ஆனால் சி5 வேர் நசுங்கினால் வலி முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும், விரல்களில் எதுவும் தெரியாது. தோள் வலியென்று ஏமாறுவது இங்கேதான் அதிகம். படி 5 இதற்காகவே.

படி 3: வலியின் குணம்

சுரீரென்று மின்சாரம் பாய்வது, எரிச்சல், எறும்பு ஊர்வது, ஊசி குத்துவது, மரத்துப் போவது, இவையெல்லாம் நரம்பின் மொழி. இருமும்போதும் தும்மும்போதும் கைக்குள் வலி பாய்ந்தால் கழுத்து வேரைப் பற்றிய சந்தேகம் கூடும். மூட்டு வலி அப்படி இருக்காது. சும்மா இருந்தால் மந்தமான கடுப்பு, குறிப்பிட்ட ஒரு அசைவில் கத்தி போல ஒரு வெட்டு, மறுபடி கடுப்பு.

ஒரு எச்சரிக்கை. மூட்டு வலி முற்றினாலும் கை கனத்து, மரத்த மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். உண்மையான மரப்பா என்று அறிய, சிறு பஞ்சை எடுத்து இரண்டு கைகளிலும் ஒரே இடத்தில் தொட்டு ஒப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் தொடுதல் இரு பக்கமும் ஒரே அளவில் தெரிந்தால் அது பெரும்பாலும் உணர்வு இழப்பு அல்ல.

படி 4: கழுத்தை அசைத்துப் பாருங்கள்

நிமிர்ந்து உட்காருங்கள். கைகள் மடியில் தளர்வாக இருக்கட்டும். முகவாயை மெதுவாக வலது தோளை நோக்கித் திருப்புங்கள், அப்புறம் இடது. ஆரோக்கியமான கழுத்து ஒவ்வொரு பக்கமும் 70, 80 பாகை திரும்பும். வலிக்கிற பக்கத்துக்கு 60 பாகைகூடத் திரும்பவில்லை என்றால் கழுத்தை நோக்கி ஒரு கை காட்டுகிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, லேசாக மேலே அண்ணாந்து பார்த்தபடி தலையை வலிக்கிற பக்கமாகச் சாயுங்கள். நரம்பு வெளியே வரும் துளை அந்த நிலையில் குறுகும். கழுத்தில் மட்டும் பிடித்தால் அதற்குப் பெரிய பொருள் இல்லை. கைக்குள் அதே பழைய வலி பாய்ந்தால்தான் கணக்கு. உடனே தலையை நேராக்கிவிடுங்கள். இந்த நிலையில் தலையை மேலிருந்து அழுத்திப் பார்க்கும் சோதனையை 1944-இல் ஸ்பர்லிங், ஸ்கோவில் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தார்கள், இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் அழுத்துவது மருத்துவரின் வேலை. வீட்டில் யாரும் தலையை அழுத்தக் கூடாது. விபத்துக்குப் பின் வந்த வலி, எலும்பு பலவீனம், முடக்குவாதம் உள்ளவர்கள் இந்தச் சாய்வைக்கூட வீட்டில் செய்ய வேண்டாம்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ஏனென்றால் நோயாளி தானாகவே அதைக் கண்டுபிடித்திருப்பார். வலிக்கிற கையைத் தூக்கி உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு வேர் அழுத்தம் உள்ள பலருக்கு, குறிப்பாக சி5, சி6 பக்கம் என்றால், இழுவை தளர்ந்து வலி தணியும். சிலர் தூங்குவதே அப்படித்தான். தோள் மூட்டுக்காரரிடம் இதைச் செய்யச் சொன்னால் வலி கூடும், அல்லது கை அவ்வளவு தூரம் போகவே போகாது. ஒரே அசைவு இரு பக்கமும் எதிரெதிர் பதில் தருவதால் இதைத் தவறாமல் செய்து பாருங்கள்.

கழுத்துச் சோதனைகளில் கையில் வலி பாய்ந்தால் அது வலுவான சான்று. பாயவில்லை என்பதால் நரம்பு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

படி 5: தோளை அசைத்துப் பாருங்கள், முதலில் நீங்களே, பிறகு இன்னொருவர்

முழு வழிகாட்டியில் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

நின்றுகொண்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்குங்கள். தொடக்கத்தில் வலி இல்லை, சுமார் 60 பாகையிலிருந்து 120 பாகை வரை வலி, அதைத் தாண்டினால் மறுபடி சுலபம் என்றால், தசைநாண்கள் மேலே உள்ள எலும்பு வளைவுக்கும் கீழே உள்ள மேல்கை எலும்பின் பந்து போன்ற முனைக்கும் நடுவில் சிக்குகின்றன என்று பொருள். கையை இறக்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். பேருந்தில் மேல் கம்பியைப் பிடிப்பது, பரணிலிருந்து பாத்திரம் இறக்குவது, தலை வாருவது எல்லாம் கஷ்டம் என்று இவர்கள் சொல்வது இதனால்தான்.

இப்போது கையை முற்றிலும் தளர்த்திக்கொள்ளுங்கள். உதவிக்கு இருப்பவர் உங்கள் கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கட்டும். நீங்கள் துளியும் உதவக் கூடாது. இங்கே மூன்று விதமான பதில்கள் வரும்.

நீங்கள் தூக்கினால் பாதியில் நிற்கிறது, அவர் தூக்கினால் ஏறக்குறைய முழுதும் போகிறது என்றால் மூட்டு இறுகவில்லை, தூக்கும் விசைதான் கெட்டிருக்கிறது. தசைநாண் கிழிசலாக இருக்கலாம், நரம்பு பலவீனமாகவும் இருக்கலாம்.

யார் தூக்கினாலும் ஒரே இடத்தில் சுவரில் முட்டிய மாதிரி நிற்கிறது என்றால் தோள் இறுக்கம், அல்லது மூட்டுத் தேய்மானம். இதை உறுதி செய்ய, முழங்கைகளை விலாவோடு ஒட்டி 90 பாகை மடக்கிக்கொண்டு, இரண்டு முன்கைகளையும் இரட்டைக் கதவைத் திறப்பதுபோல வெளிப்பக்கம் திறக்கச் சொல்லுங்கள். பிறகு உதவியாளர் மெல்லத் தள்ளிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் தாராளமாகத் திறக்க, வலிக்கிற பக்கம் பாதியில் முடங்கினால் அது தோள் இறுக்கத்தின் கையெழுத்து. கழுத்து நரம்பு எவ்வளவு நசுங்கினாலும் மூட்டை இப்படிப் பூட்டாது. ரவிக்கையின் பின் கொக்கியைப் போட முடியவில்லை, துண்டால் முதுகு துடைக்க முடியவில்லை என்ற புகார்கள் இதோடு சேர்ந்து வரும்.

மூன்றாவது பதில்: நீங்கள் தூக்கினாலும் அவர் தூக்கினாலும் கை முழுதும் போகிறது, வலியும் கூடவில்லை. அப்படியென்றால் தோள் மூட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டுக் கழுத்துப் பக்கம் திரும்பலாம்.

முதல் பதிலில் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கை தூக்க முடியாமை தசைநாண் கிழிசலா, சி5 வேரா? இதற்கு முழங்கையைக் கேளுங்கள். முழங்கையை மடக்கிக்கொண்டு, இன்னொருவர் அதை நீட்ட முயலும்போது எதிர்த்து நில்லுங்கள். சி5, சி6 வேர் என்றால் தோளோடு சேர்ந்து முழங்கை மடக்கும் பலமும் குறைந்திருக்கும். தோள் தசைநாண் கிழிந்தவருக்கு முழங்கையின் பலம் அப்படியே இருக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு: கிழிசலில் தூக்கும் முயற்சியே வலிக்கும், நரம்பு பலவீனத்தில் கை வலியில்லாமலே எழ மறுக்கலாம்.

தோள் இறுக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 40 முதல் 60 வயதில், பெண்களுக்குச் சற்று அதிகமாக வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் (INDIAB) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அப்படியென்றால் இறுகும் தோள்கள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காரணம் தெரியாமல் தோள் இறுகத் தொடங்கினால், இதுவரை சோதித்திராதவர்கள் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகளில் இது தளரும், ஆனால் தொடக்கத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியின் காலத்தைக் குறைக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் அளவு ஏறும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 6: எந்த விரல், எந்தப் பலம்

நரம்பு என்று சந்தேகம் வந்துவிட்டால் எந்த வேர் என்று விரல்கள் சொல்லும்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்து, முழங்கை மடக்குவதும் மணிக்கட்டை மேலே நிமிர்த்துவதும் சோர்ந்தால் சி6. நடுவிரல் மரத்து, முழங்கையை நீட்டும் பலம் குறைந்தால் சி7. தரையில் கை ஊன்றி எழுவதும், கனமான கதவைத் தள்ளுவதும் இவர்களுக்குத் திடீரெனக் கஷ்டமாகும். வேர் அழுத்தங்களில் அதிகம் காணப்படுவது இந்த சி7தான். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்து, பிடி தளர்ந்து, மிக்ஸி மூடி திறக்கவும் துணி பிழியவும் முடியாமல் போனால் சி8. மேல்கையின் வெளிப்புறம் மட்டும் மரத்துத் தோள் தூக்கும் பலம் குறைந்தால் சி5. ஆளுக்கு ஆள் இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும், பக்கத்து வேர்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும். ஆகவே விரலையும் பலத்தையும் சேர்த்தே பாருங்கள். மருத்துவர் சுத்தியலால் முழங்கையருகே தட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான். உள்மடிப்பில் தட்டினால் வரும் துடிப்பு குறைந்தால் சி5, சி6, பின்புறம் குறைந்தால் சி7.

விரல் மரத்தாலே கழுத்து என்று முடிவுகட்டவும் கூடாது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்து இரவில் எழுப்பிவிடுகிறது, கையை உதறினால் சரியாகிறது என்றால் நரம்பு மணிக்கட்டில் நசுங்கியிருக்கலாம். அந்த வலி சிலருக்குத் தோள்வரை ஏறும். முழங்கையை மடக்கி நெடுநேரம் போன் பேசினால் சுண்டுவிரல் மரக்கிறது என்றால் நரம்பு முழங்கையில் சிக்கியிருக்கிறது. சுண்டுவிரல் மரப்போடு, முழங்கையின் பின்பக்கம் நரம்பு கயிறு போலத் தடித்துத் தட்டுப்பட்டாலோ, உடலில் எங்காவது உணர்வற்ற வெளிறிய தேமல் இருந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொழுநோய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். கூட்டு மருந்து இலவசம், நோய் முழுதாகக் குணமாகும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால் விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடும்.

படி 7: இரவு எப்படிப் போகிறது

வலிக்கிற தோளின் மேல் ஒருக்களித்துப் படுத்தால் மட்டும் விழிப்பு வருகிறது என்றால் தோள் மூட்டு. எப்படிப் படுத்தாலும் கழுத்துக்குத் தோதான தலையணை உயரம் கிடைக்கும்வரை புரண்டு, கிடைத்ததும் வலி அடங்குகிறது என்றால் கழுத்து. ஒரு நாள் இரவு காரணமே இல்லாமல் தோளில் தாங்க முடியாத வலி வெடித்து, சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வலி தானாகக் குறைந்து, அதற்குப் பதிலாகக் கை பலமிழந்து தசை சூம்பத் தொடங்கினால், அது நரம்புப் பின்னலில் வரும் ஒரு தனி அழற்சி. பார்சனேஜ், டர்னர் என்ற இரு மருத்துவர்கள் 1948-இல் இதை விரிவாக எழுதியதால் அவர்கள் பெயரால் அறியப்படுகிறது. தோள் இறுக்கம் என்றோ, கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்கின் கோளாறு என்றோ இது அடிக்கடித் தவறாகப் பெயர் பெறும்.

இரண்டும் சேர்ந்தே இருந்தால்

சோதனைகள் இரண்டு பக்கமும் கை காட்டினால் குழம்ப வேண்டாம், இரண்டும் இருக்கலாம். கபடியில் தோள் நழுவியவருக்கு மூட்டை உள்ளே தள்ளிய பிறகும் மேல்கையின் வெளிப்புறத்தில் ஒரு வட்டம் மட்டும் மரத்திருந்தால், நழுவும்போது அங்கே ஓடும் நரம்பும் இழுபட்டிருக்கிறது. சர்க்கரை நோயாளிக்குத் தோள் இறுக்கமும் மணிக்கட்டு நரம்பு அழுத்தமும் ஒரே கையில் வருவது சகஜம். கழுத்து வலியால் மாதக்கணக்கில் கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோளும் இறுகிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர் தோள் எலும்புக்கு அடியில் மரப்பு ஊசி ஒன்று போட்டுப் பார்ப்பார். சில நிமிடங்களில் வலி எவ்வளவு குறைகிறதோ அந்தப் பங்கு தோளுடையது.

ஸ்கேன் எப்போது

இந்தச் சோதனைகள் எதையும் செய்யாமல் நேராகக் கழுத்து எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. 2015-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் எந்த வலியும் இல்லாத 1211 பேருக்குக் கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. தோளிலும் இதே கதை. 1995-இல் அமெரிக்காவில் தோள் வலியே இல்லாத 96 பேரைப் படம் பிடித்ததில் 34 சதவீதம் பேருக்குத் தசைநாண் கிழிசல் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் அது 54 சதவீதம். அதாவது, அறிக்கையில் டிஸ்க் பல்ஜ் என்று இருப்பதால் உங்கள் வலி அதிலிருந்துதான் வருகிறது என்று ஆகாது. மரத்த விரலும் பலமிழந்த தசையும் படத்தில் நசுங்கிய வேரும் ஒரே கதையைச் சொன்னால்தான் படத்துக்கு மதிப்பு. அறிக்கையைப் பார்த்து அறுவைக்குப் பயப்படுகிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பலம் குறைகிறது, தண்டுவட அறிகுறி தெரிகிறது, ஆறு வாரம் ஆகியும் வலி அசையவில்லை என்றால் எம்ஆர்ஐ தேவை. தோள் இறுக்கத்துக்குச் சாதாரண எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். விழுந்ததிலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ சீக்கிரம் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் புதிதாகக் கிழிந்த தசைநாணைச் சில மாதம் விட்டால் தசை கொழுப்பாக மாறித் தைக்க முடியாமல் போகும். நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனையும் தசையில் ஊசி நுழைத்துப் பார்க்கும் இஎம்ஜியும் வேரா, மணிக்கட்டா என்று பிரிக்க உதவும். தசையில் மாற்றங்கள் தெரியச் சுமார் மூன்று வாரம் ஆகும் என்பதால் முதல் வாரத்தில் ஓடிப்போய் எடுத்தால் பணம்தான் வீண்.

மருத்துவரைப் பார்க்கும்வரை

கழுத்துப் பக்கம் சந்தேகம் இருந்தால் சலூனில் முடிவெட்டிய பின் கழுத்தில் நெட்டி முறிக்க விடாதீர்கள். கழுத்தெலும்புகளுக்குள் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, திடீர்த் திருப்பலில் அவை கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. காலர் முதல் சில வாரங்களுக்கு உதவலாம், மாதக்கணக்கில் மாட்டினால் கழுத்துத் தசைகள் சோரும். நரம்பு ஊசி என்று கேட்டு வாங்கும் வைட்டமின் ஊசி நசுங்கிய வேரை விடுவிக்காது. பி12 குறைபாடு இருப்பவருக்கு அது தேவை, அதை ரத்தப் பரிசோதனையில் அறிந்துகொள்ளலாம்.

தோள் பக்கம் என்றால் கையை முழுதாகக் கட்டிப்போட வேண்டாம். வலி தாங்கும் எல்லைக்குள், குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது, சுவரில் விரல்களால் ஏறுவது போதும். இரவில் வலிக்கிற கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தால் தூக்கம் வரும்.

கழுத்து வேர் அழுத்தம் என்றதும் பயந்துவிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ரோசெஸ்டர் ஊர்வாசிகளைத் தொடர்ந்து கவனித்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக ஐந்து ஆண்டு முடிவில் 90 சதவீதம் பேர் வலியே இல்லாமலோ லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். அவர்களில் கால்வாசிப் பேர் அறுவை செய்துகொண்டவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது கையில் வரைந்த வலிப்படத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எந்த விரல் மரக்கிறது, தலைமேல் கை வைத்தால் கூடுகிறதா குறைகிறதா, இன்னொருவர் தூக்கினால் எதுவரை போகிறது என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எலும்பு மூட்டு மருத்துவர், நரம்பியல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் யாரிடம் முதலில் போனாலும் சரி, கழுத்து, தோள் இரண்டையும் தொட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால், "இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை, இரண்டு கைகளாலும் ஒரே கனமுள்ள தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, முழங்கையை மடக்கி, நீட்டி ஒப்பிட்டு வாருங்கள். வலி குறைந்துகொண்டே வரும்போது பலமும் குறைந்துகொண்டே வந்தால் அது குணமாவது அல்ல, நரம்பு தளர்ந்துபோவது. அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.